மூலத்தில் கத்தரி வைக்காதீர்கள்

தையல் மிஷின் ஒரு வீட்டுக்குள் வருவது இன்று பெரிய காரியமில்லை. பெரியபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பல வீடுகளில் மிஷின் இருக்கிறது. சில சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் கிடைத்தவை, சில குழுக்கடனில் வாங்கியவை, சில அம்மா வீட்டுச் சீராக வந்தவை. மிதிக்கத் தெரிந்த கால்களும் இருக்கின்றன. முழுத் துணியை விரித்துவைத்து வெட்டச் சொன்னால்தான் கை பின்வாங்குகிறது.

திறமை இல்லாமல் இல்லை. நம் பக்கத்தில் தையல் வேலை பெண்களிடம் வந்து சேர்ந்த விதம் அப்படி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடையை மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள் தைக்கிறார்கள். 2012-13 முதல் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு நான்கு செட். வெட்டிக் கட்டிய துணியைச் சங்கத்தில் வாங்கிப்போய், வீட்டில் தைத்துத் திருப்பித் தருவதுதான் அங்கே வழக்கம். அம்பத்தூர்ப் பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய்வந்தவர்களோ வருடக்கணக்கில் காலர் மட்டும் தைத்திருப்பார்கள், அல்லது கை மட்டும் ஏற்றியிருப்பார்கள். டெய்லர் கடையிலும் கட்டிங் மேஜை மாஸ்டருடையது. வெட்டித் தைப்பவருக்கு ஒரு கூலி, வெட்டியதை வாங்கித் தைப்பவருக்கு ஒரு கூலி. இரண்டுக்கும் உள்ள தூரம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் பொதுத் தையல் கூடத்தில் பேட்டர்ன் நூலகம் என்று ஒன்றை வைத்ததற்கு இந்தத் தூரம்தான் காரணம். ஒருவர் வரைந்து, தைத்து, உடுத்திப் பார்த்துச் சரியாக வந்த பேப்பர் கட்டிங் அவர் வீட்டுப் பரண் மேல் போய்விடாமல் பத்துப் பேருக்குப் பயன்பட வேண்டும். எளிய எண்ணம். நடைமுறையில் அதற்குப் பல பழக்கங்கள் தேவைப்பட்டன. இதுபோல ஒன்றை உங்கள் ஊரில் தொடங்குகிறவர்களுக்கும், இருக்கிற ஒன்றிலிருந்து பேட்டர்ன் எடுக்கிறவர்களுக்கும் உதவும் என்று அவற்றை எழுதுகிறேன்.

முதல் பழக்கம்: மூலத்தை யாரும் வெட்டக் கூடாது, வீட்டுக்கும் எடுத்துப் போகக் கூடாது. கூடத்திலேயே அமர்ந்து படி எடுத்துக்கொண்டு படியைத்தான் கொண்டுபோக வேண்டும். தொடக்கத்தில் பலருக்கு இது பிடிக்கவில்லை. "நாளைக்கே கொண்டாந்துடறேங்கா" என்பார்கள், உண்மையாகவே கொண்டுவந்தும் விடுவார்கள். ஆனால் கழுத்தை இன்னும் கொஞ்சம் இறக்கலாமே என்று அவர் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டியிருப்பார். அடுத்து எடுப்பவருக்கு அந்தக் கழுத்து வேண்டாம், ஆனால் அவர் கையில் இருப்பது அந்தக் கழுத்துதான். நான்கு பேர் கைமாறினால் 36 அளவு என்று எழுதியிருக்கும் காகிதம் எந்த அளவுக்கும் சேராததாகிவிடும்.

படி எடுக்கப் பிரவுன் பேப்பர் போதும். சென்னை போகிறவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் சுருளாக வாங்கி வந்துவிடுவார்கள். செய்தித்தாள் சும்மா கிடைக்கிறது என்று அதில் எடுக்கிறவர்கள் வெளிர் நிறத் துணிக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். வியர்வைக் கை பட்டால் மை துணியில் இறங்கும். ஜெராக்ஸ் எடுப்பது எல்லாவற்றையும்விட மோசம். எந்திரம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கும் அல்லது நீட்டும். நாலு தாள் ஒட்டிய பிறகு கைக்குழியில் அந்த வித்தியாசம் தெரியும். கணினியிலிருந்து அச்செடுக்கும் பேட்டர்ன் என்றால் தாளுக்குள் அடங்கும்படி சுருக்காமல் நூறு சதவீத அளவில் எடுக்கச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட பேட்டர்ன்களில் பெரும்பாலும் ஒரு சோதனைக் கட்டம் இருக்கும். அதை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து சரியாக இருந்தால் மட்டும் மற்றத் தாள்களை அச்செடுங்கள். இன்ச் டேப்பையும் அதே ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் கழுத்தில் தொங்கிய டேப் நீண்டு போயிருக்கும். பேட்டர்னை வரைந்தவர் டேப்பும் உங்கள் டேப்பும் ஒத்துப்போகாவிட்டால் நூலகம் வைத்துப் பயனில்லை.

மூலம் எதில் இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல பதிலைத் தந்தது எங்கள் ஊரின் ஆடி மாதம். பவானி அம்மன் கோயிலுக்குக் கூட்டம் வரும் வாரங்களில் வழியெங்கும் ஃப்ளெக்ஸ் பேனர்கள் நிற்கும். விழா முடிந்து கழற்றியதைக் கேட்டு வாங்கி, அதன் வெள்ளைப் புறத்தில் மார்க்கரால் வரைந்து வெட்டிக்கொண்டோம். கிழியாது, ஐப்பசி மழையின் ஈரத்தில் ஊறாது. காகிதமும் சார்ட்டும் மழைக்காலத்தில் ஈரம் குடித்து விரியும், வெயிலில் சுருங்கும், மடித்த இடத்தில் உடையும். ஃப்ளெக்ஸை மடிக்காமல் தொங்கவிட வேண்டும். துண்டுகளில் ஓட்டை போட்டு, ஒரு பேட்டர்னின் எல்லாத் துண்டுகளையும் ஒரே கயிற்றில் கோத்துக் கம்பியில் மாட்டிவைக்கும் முறையை எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்த்த ஓர் அக்கா சொல்லிக்கொடுத்தார். காகிதத்திலேயே இருக்கிற பழைய பேட்டர்ன்களைச் சேலைக்கடை அட்டைப்பெட்டிகளில், நன்றாக உலர்ந்த வேப்பிலையோடு வைக்கிறோம். பச்சையாக வைத்தால் அதன் ஈரமே பூஞ்சை பிடிக்க வைக்கும்.

அடுத்து, ஒவ்வொரு துண்டிலும் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பேட்டர்னின் பெயர், மார்பளவு, மொத்தம் எத்தனை துண்டில் இது எத்தனையாவது, பாவு நூல் போகும் திசைக்கு அம்புக்குறி, மடிப்பில் வைக்க வேண்டியதா அல்லது ஜோடியாக வெட்ட வேண்டியதா, தையலுக்கு விட்டது இதில் சேர்ந்திருக்கிறதா இல்லையா. கடைசியாகச் சொன்னதை எழுதாத பேட்டர்னை நாங்கள் வாங்குவதில்லை. ஜாக்கெட் தைக்கும்போது பின்னால் பிரித்துவிட வசதியாகப் பக்கவாட்டில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் உள்ளே விடுவது நம் வழக்கம். அந்தப் பழக்கம் வெளிநாட்டு பேட்டர்னில் கிடையாது. அமெரிக்க உறை பேட்டர்ன்களில் பொதுவாக ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு சேர்த்தே வரைந்திருப்பார்கள். ஜெர்மனியின் புர்தா இதழ்த் தாளில் தையலுக்கு எதுவும் விட்டிருக்காது, நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியில் குறிப்பில்லாமல் கிடந்தால் எந்தத் துணி வீணாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

துண்டு எண்ணிக்கையை எழுதுவதற்கும் காரணம் உண்டு. முன், பின், கை ஆகிய பெரிய துண்டுகள் ஒருபோதும் தொலைவதில்லை. தொலைவது கழுத்துப் பட்டியும் காலரின் அடிப்பட்டையும் ஹூக் பட்டியும்தான். திருப்பி மாட்டும்போது கயிற்றில் எண்ணிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

எழுத்து எல்லோருக்கும் உதவுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் ஆந்திரா. எங்கள் கூடத்துக்கு வருபவர்களில் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள் நிறையப் பேர். பள்ளிக்குப் போகாத மூத்த பெண்களும் வருகிறார்கள். அதனால் அளவுக்கு ஒரு நிறம் வைத்தோம். சிவப்பு மை என்றால் 34, பச்சை என்றால் 36 என்று கூடத்துச் சுவரிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. கைத்துண்டில் முன்பக்கத்துக்கு ஒரு வெட்டுக்குறி, பின்பக்கத்துக்கு இரண்டு. இது உலகம் முழுக்க பேட்டர்ன் வரைபவர்கள் பின்பற்றுவது. ஒரு முறை காட்டிவிட்டால் யாரும் மறப்பதில்லை. மடிப்புக்கு ஓர் அடையாளம், ஜோடிக்கு ஓர் அடையாளம் என்று படமாகவே வைத்துவிட்டோம்.

இனி எடுப்பவர்களுக்கு. பேட்டர்னைத் தேர்வு செய்யும்போது பெரும்பாலோர் முழு மார்பளவைப் பார்த்து எடுக்கிறார்கள். அதைவிட மேல்மார்பை அளந்து எடுப்பது நல்லது. டேப்பை அக்குளை ஒட்டி, மார்புக்கு மேலே சுற்றி எடுக்கும் அளவு அது. தோள், கழுத்து, கைக்குழி எல்லாம் எலும்புக்கூட்டைப் பொறுத்தவை. அவற்றைத் திருத்துவது மிகச் சிரமம். மார்பில் துணி கூட்டுவது அவ்வளவு சிரமமில்லை. குழந்தை பெற்றுப் பாலூட்டும் பெண்ணுக்கு மார்பளவு 38 வரும், தோளோ 34 அளவுக்காரியின் தோளாகவே இருக்கும். அவருக்கு 38 பேட்டர்னை எடுத்தால் ஜாக்கெட் தோளை விட்டு வழியும். 34 பேட்டர்னை எடுத்து, முன் துண்டில் மட்டும் டாட் முனையிலிருந்து கீழேயும் கைக்குழி நோக்கியும் கீறி, வேண்டிய அளவு விரித்து ஒட்டுங்கள். மொத்தச் சுற்றில் இரண்டு அங்குலம் கூட வேண்டுமென்றால் பாதி முன் துண்டில் ஓர் அங்குலம் விரித்தால் போதும். பின் துண்டைத் தொட வேண்டாம். இந்த ஒரு முறை கைவந்துவிட்டால் கம்பியில் தொங்கும் எந்த ஜாக்கெட் பேட்டர்னும் உங்களுக்குப் பயன்படும்.

வெளிநாட்டு பேட்டர்ன் எண்ணில் கவனம் வேண்டும். உறவினர் அனுப்பிய புர்தா இதழ்கள் எங்களிடம் சில இருக்கின்றன. அதில் 38 என்று போட்டிருப்பது அங்குலம் அல்ல, ஐரோப்பிய அளவு எண். அதன் மார்பளவு 88 சென்டிமீட்டர், அதாவது முப்பத்து நாலரை அங்குலத்துக்குச் சற்று மேல். உறையின் மேலேயே அங்குலத்தில் மாற்றி எழுதி வைத்திருக்கிறோம். தளர்வும் வேறு. அவர்கள் சட்டைக்கு உடலைவிடச் சில அங்குலம் கூடுதலாக விடுவார்கள். நம் சேலை ஜாக்கெட் உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். அந்தத் தாள்களில் பல அளவுக் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். நமக்கு வேண்டிய கோட்டை முதலில் விரலால் ஒரு சுற்று தொடர்ந்து பார்த்துவிட்டு, பிறகு பட்டர் பேப்பர் வைத்து எடுத்தால் தவறாது. வெள்ளைக்காரர்களுக்கும் இது எப்போதும் எளிதாக இருந்ததில்லை. தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த பேட்டர்ன்கள் பெரும்பாலும் ஒரே அளவில்தான் கிடைத்துக்கொண்டிருந்தன. 1863இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர்தான் அளவு வாரியாகக் காகித பேட்டர்ன் விற்கத் தொடங்கினார். தையற்கடைக்குப் போக வசதியில்லாத வீட்டுப் பெண்கள் தங்கள் அளவுக்குத் தாங்களே வெட்டுவது எளிதானது அதற்குப் பிறகுதான். ஒரு தொழில் ரகசியம் உறையில் போட்டு அஞ்சலில் வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

நம் ஊருக்கே உரிய அளவு ஒன்று இருக்கிறது: அளவு ஜாக்கெட். டேப்பை எடுத்தாலே கூச்சப்படுகிற பெண்கள் ஒரு பழைய ஜாக்கெட்டைப் பையில் வைத்துக் கொண்டுவருவார்கள். அதை நான் ஒதுக்குவதில்லை, ஆனால் கேள்வி கேட்டுத்தான் வாங்குவேன். கடைசியாக எப்போது போட்டீர்கள், எங்கே இறுக்குகிறது, பிரித்துவிட்டதா, துவைத்துச் சுருங்கியதா. பிறகு அதை மடித்து பேட்டர்ன் மேல் வைத்துத் தோளையும் கழுத்தையும் கைக்குழியையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். பேட்டர்னுக்கும் அந்த ஜாக்கெட்டுக்கும் எங்கே வேறுபாடு என்பதைப் பென்சிலால் படியில் குறித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

"கை ஏறல, டைட்டா இருக்குது" என்பது கூடத்தில் அதிகம் கேட்கும் குறை. உடனே கைக்குழியை ஆழமாக வெட்டுவார்கள். செய்யாதீர்கள். குழி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது ஜாக்கெட் முழுவதும் மேலே ஏறும். பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கிற பெண்ணுக்கு அது எவ்வளவு சங்கடம் என்று சொல்ல வேண்டுமா? பெரும்பாலும் குறை இருப்பது கைத்துண்டின் அகலத்தில். மேல்கைச் சுற்றை அளந்து கைத்துண்டை அகலப்படுத்துங்கள். கைக்குழி அக்குளை ஒட்டி உயரமாக இருப்பதே கைக்குச் சுதந்திரம்.

புது பேட்டர்னை நல்ல துணியில் நேராக வெட்டாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். பழைய வேட்டியிலோ கிழிந்த பருத்திச் சேலையிலோ ஒரு முறை தைத்துப் போட்டுப் பாருங்கள். நீளத் தையல் வைத்துத் தைத்தால் பிரிப்பதும் சுலபம். லைனிங் துணியையும் டூ பை டூ போன்ற பருத்தித் துணியையும் ஓர் இரவு தண்ணீரில் போட்டு, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே பேட்டர்னை மேலே வைக்க வேண்டும். சேலை மேல்துணியும் முன்பே நனைத்துச் சுருக்காத லைனிங்கும் முதல் சலவையில் வேறு வேறு பக்கம் இழுக்கும். அப்போது பழி பேட்டர்ன் மேல் விழும்.

இந்த நூலகத்தின் உயிர் என்று நான் நினைப்பது ஒரு சின்னப் பழக்கத்தை. ஒவ்வொரு பேட்டர்ன் கயிற்றிலும் ஓர் அட்டை தொங்குகிறது. தைத்து முடித்தவர் அதில் இரண்டு வரி எழுத வேண்டும், எழுத வராதவர் சொல்ல அடுத்தவர் எழுத வேண்டும். எந்த அளவுக்காரருக்குத் தைத்தேன், என்ன துணி, எத்தனை அங்குல பன்னாவில் எத்தனை மீட்டர் ஆனது, எங்கே மாற்றினேன். 'முதுகு அகலம், பின் துண்டில் கால் அங்குலம் கூட்டினேன்', '80 சென்டிமீட்டர் ஜாக்கெட் பிட்டில் முழங்கை வரை கை வராது, ஒட்டுப் போட வேண்டும்' என்பது போன்ற குறிப்புகள். கட்டிங் புத்தகத்தில் ஒரே ஓர் உடம்பு இருக்கும், இந்த அட்டையில் எங்கள் ஊர் உடம்புகள் இருக்கின்றன. கட்டிங் கற்காத ஒரு பெண் தனக்கு முன்னால் நான்கு பேர் அதே இடத்தில் திருத்தியிருப்பதைப் படித்துவிட்டு, தானும் அங்கே பென்சிலை வைக்கிறாள். அந்தத் திருத்தம் பலருடைய அட்டை வரிகளில் திரும்பத் திரும்ப வந்தால் மூலத்தையே மாற்றி வரைந்து, பழையதைத் தனியே தேதி போட்டு வைத்துவிடுகிறோம்.

தொழில் நடத்துகிறவர்கள் தங்கள் கட்டிங்கைப் பொதுவில் தரத் தயங்குவது நியாயம். கற்றுக்கொள்ள அவர்கள் பட்ட பாட்டுக்கு விலை உண்டு. அவர்களை நாங்கள் வற்புறுத்துவதில்லை. பிரின்சஸ் கட்டையும் கட்டோரியையும் வைத்திருப்பவர், அடிப்படை ஜாக்கெட்டை மட்டும் தந்தால் போதும் என்கிறோம். காசு கொடுத்து வாங்கிய பேட்டர்னைப் படி போட்டு விற்கக் கூடாது என்பதும் பலகையில் எழுதியிருக்கிறது.

தேவை ஒரே நேரத்தில் குவியும். ஜூன் மாதம் தனியார் பள்ளிச் சீருடை, ஆடியில் வேண்டுதலுக்கு மஞ்சளிலும் சிவப்பிலும் சிறு பெண்களுக்குப் பாவாடை சட்டை, ஐப்பசியில் தீபாவளி. துணி சென்னை எம்.சி. ரோட்டிலிருந்து மூட்டையாக வந்து இறங்கும்போது 36 அளவு ஜாக்கெட் பேட்டர்னுக்கு வரிசை நிற்கும். அதிகம் கேட்கிற அளவுகளுக்கு இரண்டு மூலம் வைத்துவிடுங்கள். சிறுவர் பாவாடை சட்டைக்கு வயதை எழுதாமல் மார்பளவையும் உயரத்தையும் எழுதுங்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் ஒருவரைப் போல் ஒருவர் இருப்பதில்லை.

கடைகளில் கிடைக்காத, புத்தகங்களிலும் அதிகம் வராத பேட்டர்ன்களைச் சேர்ப்பதுதான் இப்போது என் கவனம். வயலில் குனிந்து குனிந்து நாற்று நட்டு முதுகு வளைந்துபோன பாட்டிமார் இங்கே நிறைய. சாதாரண ஜாக்கெட் அவர்களுக்குப் பின்னால் தூக்கிக்கொள்ளும், முன்னால் தொங்கி மடியும். பின் துண்டில் தோள்பட்டை எலும்புக்கு நேரே குறுக்கே கீறி, நடு முதுகில் அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை விரிக்க வேண்டும். கைக்குழி ஓரத்தில் விரிக்கக் கூடாது. முன் துண்டில் கழுத்துக்கும் மார்புக்கும் நடுவே ஏறக்குறைய அதே அளவு மடித்துக் குறைக்க வேண்டும். அளவு எடுக்கும்போது நிமிரச் சொல்லாதீர்கள், அவர் நிற்கிறபடியே கழுத்தெலும்பிலிருந்து இடுப்பு வரை எடுங்கள். விரல் மடங்காதவர்களுக்குச் சின்ன ஹூக் வேண்டாம், வெல்க்ரோ ஒட்டு போதும், அதற்காக முன்பட்டியை முக்கால் அங்குலம் அகலமாக வெட்ட வேண்டும். இந்த பேட்டர்ன் 32, 34, 36 அளவுகளில் கம்பியில் தொங்குகிறது. 40 இன்னும் வரையவில்லை, அந்த அளவில் முதுகு வளைந்த ஒருவருக்குத் தைத்துப் பார்த்த பிறகுதான் வரைய வேண்டும்.